ஏரியும் வரைபடமும்: சென்னை நிலப்பரப்பின் அளவை வரலாறு

முன்னுரை

நகரத் திட்டமிடல், நீர் மேலாண்மை, பேரிடர்த் தடுப்பு ஆகிய துறைகளில் புவித் தகவல் அமைப்பு இன்று இன்றியமையாத கருவியாகிவிட்டது. ஜி.ஐ.எஸ். என்று சுருக்கமாக வழங்கும் இவ்வமைப்பு, செயற்கைக்கோள் படிமங்கள், நில அளவைத் தரவுகள், மக்கள்தொகைக் கணக்குகள் முதலியவற்றை ஒரே நிலப்பரப்பின் மீது அடுக்கடுக்காக வைத்துப் பார்த்து முடிவெடுக்க வழிசெய்கிறது. இதனைப் பற்றிய எழுத்துகளில் பெரும்பாலானவை கருவியின் துல்லியத்தையும் வேகத்தையுமே பேசுகின்றன. துல்லியமான வரைபடம் கைக்கு வந்துவிட்டால் நல்ல முடிவும் உடன் வந்துவிடும் என்னும் எண்ணம் அவற்றின் அடியில் ஓடுகிறது. அவ்வெண்ணத்தை வரலாற்றின் துணைகொண்டு சோதித்துப் பார்ப்பதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

இதற்குச் சென்னையையும் அதனைச் சூழ்ந்த செங்கல்பட்டுச் சீமையையும் எடுத்துக்கொள்கிறோம். காரணம் இரண்டு. முதலாவது, இந்தியத் துணைக்கண்டத்திலேயே மிகுதியாகவும் மிக முன்னதாகவும் அளக்கப்பட்ட நிலப்பகுதிகளுள் இதுவும் ஒன்று. இரண்டாவது, இத்தனை அளவைகளுக்குப் பின்னரும் 2015ஆம் ஆண்டு டிசம்பர் முதல் நாளில் இந்நகரம் வெள்ளத்தில் மூழ்கியது. அளவை குறைவால் நேர்ந்த கேடு இது என்று சொல்லிவிட முடியாது. அப்படியாயின் குறை எங்கே இருந்தது? இக்கேள்விக்கு விடை காண நாம் ஆயிரம் ஆண்டுகள் பின்னோக்கிச் செல்ல வேண்டியுள்ளது.

சோழர்கால அளவையும் வரி நீங்கிய நிலமும்

முதலாம் இராசராசன் (985–1014) தன் ஆட்சியின் பதினாறாம், பதினேழாம் ஆண்டுகளில், அதாவது கி.பி. 1001 அளவில், தன் நாட்டு நிலங்களை அளக்கச் செய்தான். அளக்கப் பயன்பட்ட கோல் 'உலகளந்த கோல்' என்று பெயர் பெற்றது. வேலி, மா, காணி, முந்திரிகை எனக் குறைந்துகொண்டே சென்று, வேலியில் 1/320 பங்கான முந்திரிகைக்கும் கீழ்ப்பட்ட நுண்பின்னங்கள் வரை நிலத்தின் பரப்புக் கணக்கிடப்பட்டதைத் தஞ்சைப் பெரிய கோயில் கல்வெட்டுகள் காட்டுகின்றன. இந்நுண்மையைப் பாராட்டுவது நம் வரலாற்று நூல்களில் வழக்கமாகிவிட்டது. நம் பொருளுக்கு அதனினும் முதன்மையான ஒரு செய்தி அதே கல்வெட்டுகளில் உண்டு.

பெரிய கோயிலுக்கு வருவாய் தரவேண்டிய ஊர்களைப் பட்டியலிடுகையில், ஒவ்வோர் ஊரின் மொத்தப் பரப்பிலிருந்தும் வரி நீங்கிய நிலங்கள் தனித்தனியே எண்ணிக் கழிக்கப்படுகின்றன. குடியிருப்பு நத்தம், ஊர்க் கோயில்கள், குளங்கள், ஊரை ஊடறுத்துச் செல்லும் வாய்க்கால்கள், கம்மாணச்சேரி, பறைச்சேரி, சுடுகாடு ஆகியவை அவற்றுள் அடங்கும். சாதிவாரியாகக் குடியிருப்புகளைப் பிரித்து வைத்த சமுதாயத்தின் முகம் இப்பட்டியலில் மறைவின்றித் தெரிகிறது. அதனை நாம் மெழுகிப் பேச வேண்டியதில்லை. ஆயினும் அரசுக்கு ஒரு காசும் தராத குளமும் வாய்க்காலும் சுடுகாடும் அந்த ஆவணத்தில் பெயரோடு இடம்பெற்றன என்பது கருதத்தக்கது. வரி தராத நிலம் பயனற்ற நிலம் என்னும் கருத்து அப்பதிவில் இல்லை.

நிலத்தை அளந்தவர் ஒருவர். நீரைக் காத்தவர் வேறொருவர். செங்கல்பட்டுச் சீமையைச் சேர்ந்த உத்தரமேரூரில் முதலாம் பராந்தகன் காலத்துக் கல்வெட்டுகள் (919, 921) ஊர்ச்சபைக்கான வாரியங்களைத் தேர்ந்தெடுக்கும் முறையை விரித்துரைக்கின்றன. சம்வத்சர வாரியம், தோட்ட வாரியம் ஆகியவற்றோடு ஏரி வாரியமும் அங்கே சொல்லப்படுகிறது. ஏரியைப் பற்றிய அறிவும், ஏரியைப் பற்றி முடிவெடுக்கும் பொறுப்பும் ஒரே ஊரில், அறியப்பட்ட மனிதர்களிடம் இருந்தன.

ஜாகீர் அளவை

செங்கல்பட்டுச் சீமை 1763இல் ஆர்க்காட்டு நவாபிடமிருந்து கிழக்கிந்தியக் கும்பினிக்கு ஜாகீராகக் கிடைத்தது. தான் பெற்றது என்னவென்று அறிந்துகொள்ளக் கும்பினி விரும்பியது. 1767 முதல் 1774 வரை தாமஸ் பர்னார்டு என்னும் பொறியாளர் இச்சீமையின் ஏறத்தாழ 2,000 ஊர்களை அளந்து பதிவு செய்தார். ஊரின் பரப்பு, அதில் ஏரி, மலை, காடு, வீட்டுமனை ஆகியவை கொண்ட பங்கு, குடிகளின் தொழில்வாரியான எண்ணிக்கை ஆகியன அப்பதிவில் உள்ளன. இதற்கு மூலமாக அமைந்தவை ஊர்க்கணக்கர்கள் தமிழில் எழுதி வைத்திருந்த ஓலைக் கணக்குகளாகும். விளைச்சலைப் பங்கிடுகையில் ஏரியின் பராமரிப்புக்கென ஒரு பகுதி முதலிலேயே ஒதுக்கப்பட்டதை அக்கணக்குகளிலிருந்து அறிகிறோம்.

இச்சீமையின் நிலவமைப்பை நினைவிற்கொண்டால்தான் ஏரிகள் இவ்வளவு கருத்துடன் பேணப்பட்டதன் காரணம் விளங்கும். இங்கு வற்றாத பேராறு இல்லை. ஆண்டு மழையில் பெரும்பகுதி வடகிழக்குப் பருவத்தின் சில வாரங்களில் கொட்டித் தீர்ந்துவிடும். நிலமோ கடலை நோக்கி மிக மெல்லச் சரிவது. எனவே சரிவுக்குக் குறுக்கே பிறைவடிவில் கரை எழுப்பி, பெய்த மழையை அங்கங்கே தேக்கினர். ஓர் ஏரி நிரம்பியதும் மிகுநீர் கலங்கல் வழியாக வழிந்து அடுத்த ஏரிக்குச் செல்லும். இவ்வாறு ஏரிகள் சங்கிலித் தொடராக அமைந்தன. வேளாண்மைக்கு நீர் தருவதோடு, வெள்ளத்தின் வேகத்தைத் தணிப்பதும் இத்தொடரின் பணியாக இருந்தது. தொடரில் ஒரு கண்ணி அறுந்தால் அதன் விளைவு அடுத்த ஊரில்தான் தெரியும். தமிழகத்தில் ஏறத்தாழ 39,000 ஏரிகள் கணக்கிடப்பட்டுள்ளன. அவை மிகுந்துள்ள வடமாவட்டங்களுள் செங்கல்பட்டுப் பகுதி குறிப்பிடத்தக்கது.

பரங்கிமலை அடிக்கோடு

1794இல் சென்னையில் ஒரு நில அளவைப் பள்ளி தொடங்கப்பட்டது. இன்றைய கிண்டிப் பொறியியற் கல்லூரியின் தொடக்கம் அதுவே. அதற்கு எட்டாண்டுகள் கழித்து, 1802ஆம் ஆண்டு ஏப்ரல் 10ஆம் நாள், வில்லியம் லாம்டன் பரங்கிமலையிலிருந்து தெற்கே பெரும்பாக்கம் குன்று வரை ஓர் அடிக்கோட்டை அளக்கத் தொடங்கினார். அதன் நீளம் ஏறத்தாழ ஏழரை மைல். நூறடி நீளமுள்ள எஃகுச் சங்கிலியை, வெப்பத்தால் அது நீளாதவாறு நிழலில் வைத்து, மரப்பெட்டிகளில் கிடத்தி, ஏறத்தாழ நானூறு முறை நீட்டி அளக்க வேண்டியிருந்தது. இந்தியாவின் பெரும் முக்கோண அளவை இக்கோட்டிலிருந்தே கிளைத்தது.

முக்கோண அளவையின் செயல்முறை எளிதில் விளங்கக்கூடியது. ஒரு பக்கத்தின் நீளமும் அதன் இரு முனைகளிலிருந்து மூன்றாவது புள்ளியை நோக்கும் கோணங்களும் தெரிந்தால், மற்ற இரு பக்கங்களையும் கணக்கிட்டுவிடலாம். அப்பக்கங்கள் அடுத்த முக்கோணங்களுக்கு அடிக்கோடுகளாகும். இவ்வாறு ஒரே ஒரு கோட்டை மண்ணில் அளந்து, மற்றவற்றைக் கோணத்தால் பெற்று, நாடு முழுவதையும் வலைபோலப் போர்த்திவிட முடியும். மலைகள் இல்லாத காவிரிச் சமவெளியில் கோயில் கோபுரங்களே நோக்குமிடங்களாயின. 1808இல் அரை டன் எடையுள்ள தியோடலைட் கருவியைத் தஞ்சைப் பெரிய கோயில் விமானத்தின் மீது ஏற்றும்போது கயிறு அறுந்து கருவி சிதைந்ததும், லாம்டன் அதனைப் பல வாரங்கள் முயன்று செம்மைப்படுத்தியதும் அளவை வரலாற்றில் நன்கறியப்பட்டவை. உலகளந்த கோலால் அளந்த நிலங்களின் கணக்கைச் சுமந்து நிற்கும் அதே கோயில், எட்டு நூற்றாண்டுகள் கழித்து மற்றோர் அளவைக்கு உதவிற்று.

இவ்வளவையின் பயன் நம் மலாயா வரை நீண்டது. லாம்டனுக்குப் பின் பொறுப்பேற்ற ஜார்ஜ் எவரெஸ்டு, இவ்வளவையின் அடிப்படையில் புவியின் வடிவத்துக்கு 1830இல் வகுத்த எண்களே பின்னாளில் மலாயாவின் நிலவரைபடங்களுக்கும் சில மாற்றங்களுடன் கணித அடிப்படையாயின. 2003இல் மலேசியா புதிய புவிமையக் கட்டமைப்புக்கு மாறும் வரை, பரங்கிமலையில் தொடங்கிய அக்கணக்கின் தடம் இந்நாட்டு வரைபடங்களில் இருந்துவந்தது.

துல்லியத்தில் இவ்வளவைக்கு நிகரான முயற்சி அக்காலத்தில் உலகில் அரிது. ஆனால் அதன் வினா புவியின் வளைவையும் இடங்களின் அமைவையும் பற்றியது. பரங்கிமலைக்கும் பெரும்பாக்கத்துக்கும் இடையே சங்கிலி கடந்து சென்ற பகுதி, பள்ளிக்கரணைச் சதுப்பு நிலத்தை ஒட்டிய தாழ்நிலம். சங்கிலிக்கு அது கடக்க வேண்டிய தொலைவாக மட்டுமே இருந்தது. மழைக்காலத்தில் அங்கே நீர் எப்படி நடமாடுகிறது என்பதை அவ்வளவை கேட்கவில்லை. அதனைக் கேட்பது அதன் வேலையும் அன்று.

புறம்போக்கு என்னும் சொல்

நிலத்தைப் பற்றிய நிருவாக முடிவுகளை உண்மையில் வடிவமைத்தது வேறோர் அளவை. தாமஸ் மன்றோவின் பெயரோடு இணைத்துப் பேசப்படும் ரயத்துவாரி முறையில் அரசு ஒவ்வோர் உழவரிடமும் நேரே வரி பெற்றது. அதற்கு ஒவ்வொரு வயலுக்கும் எண்ணும் எல்லையும் தேவைப்பட்டன. 1858 அளவில் சென்னை மாகாணத்தில் தனித் துறையாக அமைந்த நில அளவை, வயல்வாரியாகப் புலப்படங்களை வரைந்தது. சர்வே எண், பரப்பு, தீர்வை, உடையவர் பெயர் ஆகியன பதிவேட்டில் ஏறின. தீர்வைக்கு உட்படாத நிலங்கள் அனைத்தும் 'புறம்போக்கு' எனப்பட்டன.

கணக்குக்குப் புறம்பாகப் போனது என்பதே இச்சொல்லின் பொருள். ஏரிப் புறம்போக்கு, மேய்ச்சல் புறம்போக்கு, நத்தம், சுடுகாட்டுப் புறம்போக்கு, வாய்க்கால் புறம்போக்கு என அதன் வகைகளை வரிசைப்படுத்தினால், தஞ்சைக் கல்வெட்டின் வரி நீங்கிய பட்டியல் நம் நினைவுக்கு வருகிறது. வகைகள் பெரும்பாலும் அவையே. மாறியது அவற்றின் நிலை. முன்னர் ஊராரின் பொறுப்பில் இருந்த நிலங்கள் இப்போது அரசின் உடைமையாயின. ஏரியைப் பேண விளைச்சலில் ஒதுக்கப்பட்ட பங்கு மெல்ல மறைந்தது. ஏரிகள் சீர்கெடுவதை அரசே உணர்ந்து 1883இல் ஏரிச் சீரமைப்புத் திட்டம் ஒன்றைத் தொடங்க நேர்ந்தது.

காலப்போக்கில் 'புறம்போக்கு' என்னும் சொல் உரியவர் அற்ற வெற்றிடம் என்ற பொருளைப் பெற்றது. இன்று பேச்சுவழக்கில் அது மனிதரை இழித்துரைக்கும் வசைச்சொல்லாகவும் வழங்குகிறது. ஒரு பதிவேட்டின் வகைப்பாடு மக்களின் எண்ணத்தில் எவ்வளவு ஆழமாக இறங்கும் என்பதற்கு இதனினும் தெளிவான சான்று வேண்டியதில்லை. மேலும், புலப்படம் ஒவ்வொரு வயலையும் தனித்தனியே காட்டியது. ஏரிகளின் சங்கிலித் தொடரையோ பல ஊர்களில் பரவிய நீர்ப்பிடிப்பையோ ஒருங்கே காட்டும் நோக்கம் அதற்கு இருக்கவில்லை. ஆண்டில் ஒன்பது மாதம் வறண்டு கிடக்கும் ஏரித்தரை, அப்படத்தைக் கையில் வைத்திருந்த அதிகாரியின் கண்ணுக்கு வெற்று நிலமாகத் தோன்றியதில் வியப்பில்லை.

ஏரி நகரான வரலாறு

பழைய சென்னை வரைபடங்களில் நுங்கம்பாக்கத்திலிருந்து தெற்கே மாம்பலம் வழியாக ஒரு நீண்ட ஏரி வரையப்பட்டிருப்பதைக் காணலாம். ஆங்கிலேயர் அதனை 'லாங் டேங்க்' என்று அழைத்தனர். 1920ஆம் ஆண்டின் நகரத் திட்டமிடல் சட்டத்தைத் தொடர்ந்து, 1920களில் இப்பகுதியில் புதிய குடியிருப்பு திட்டமிடப்பட்டது. ஏரி படிப்படியாகத் தூர்க்கப்பட்டது. நீதிக்கட்சித் தலைவர் பிட்டி தியாகராயரின் பெயரால் தியாகராய நகர் எழுந்தது. நன்கு திட்டமிடப்பட்ட பேட்டை என்று அது பாராட்டப்பட்டது. தெருக்களின் ஒழுங்கைப் பார்க்கையில் அப்பாராட்டு பொருந்தும். நுங்கம்பாக்கம் ஏரியின் எஞ்சிய நிலத்தில் 1976இல் வள்ளுவர் கோட்டம் திறக்கப்பட்டது. மேற்கு மாம்பலத்தில் 'லேக் வியூ சாலை'யும் நுங்கம்பாக்கத்தில் 'டேங்க் பண்ட் சாலை'யும் இன்றும் உள்ளன. முன்னதிலிருந்து காண ஏரி இல்லை. பின்னது எந்த ஏரியின் கரை என்பதை அங்குச் செல்வோரில் பலர் அறியார்.

விடுதலைக்குப் பின்னரும் இப்போக்கு தொடர்ந்தது. வளரும் நகரத்துக்கு வீடுகள் தேவைப்பட்டன. தனியார் நிலத்தை விலைகொடுத்து வாங்குவதைவிட அரசின் புறம்போக்கில் கட்டுவது எளிதாக இருந்தது. 'முகப்பேர் ஏரித் திட்டம்' என்று ஒரு குடியிருப்புப் பகுதிக்கே பெயர் வழங்கியது. ஏரி என்பதை அறியாமல் கட்டினர் என்று இங்கே கூற இயலாது. பெயரிலேயே ஏரி இருந்தது. பள்ளிக்கரணைச் சதுப்பும் இவ்வாறே சுருங்கியது. 1960களில் 5,000 ஹெக்டேருக்கு மேற்பட்டிருந்ததாகக் கணக்கிடப்படும் அச்சதுப்பில் மிகச் சிறு பகுதியே எஞ்சியது. குப்பைக் கிடங்கு, சாலை, அலுவலகக் கட்டடங்கள், குடியிருப்புகள் ஆகியன மற்றவற்றைப் பிடித்துக்கொண்டன. எஞ்சிய பகுதி 2022இல் ராம்சார் ஈரநிலப் பட்டியலில் சேர்க்கப்பட்டது.

புவித் தகவல் அமைப்பு காட்டுவன

இனி, இக்காலக் கருவி இவ்வரலாற்றில் எங்கே பொருந்துகிறது என்று நோக்குவோம். பழைய வரைபடம் ஒன்றைக் கணினியில் ஏற்றி, அதிலுள்ள சில புள்ளிகளை இன்றைய நிலத்தில் அடையாளங் கண்டு பொருத்த வேண்டும். இடம் மாறாத பொருள்களே இதற்கு உதவும். கோயில் கோபுரம், கோட்டை, பழைய பாலம், ஏரிக்கரையின் வளைவு ஆகியவை பெரிதும் பயன்படுகின்றன. இவ்வகையில் லாம்டனுக்கு உதவிய கோபுரங்கள் இன்றைய ஆய்வாளருக்கும் உதவுகின்றன. பொருத்திய படத்தின் மீது செயற்கைக்கோள் படிமத்தை இட்டால், மறைந்த ஏரியின் எல்லைக்குள் இன்று எத்தனை தெருக்கள் உள்ளன என்பதைக் காணலாம். 1988இல் ஏவப்பட்ட ஐ.ஆர்.எஸ். 1ஏ முதலாக இந்தியாவின் தொலையுணர்வுச் செயற்கைக்கோள்கள் இம்மாற்றத்தை ஆண்டுவாரியாகப் பதிவு செய்துள்ளன.

அடுத்தது உயரம். நிலப்பரப்பைச் சிறு சதுரங்களாகப் பகுத்து, ஒவ்வொன்றின் உயரத்தையும் கொடுத்தால், நீர் எந்தச் சதுரத்திலிருந்து எந்தச் சதுரத்துக்கு வடியும் என்பதைக் கணினி கணக்கிடும். ஆனால் சென்னை போன்ற தட்டையான நகரில் இதில் ஓர் இடர்ப்பாடு உண்டு. நகரின் சராசரி உயரம் கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 7 மீட்டர்தான். 2000ஆம் ஆண்டில் விண்ணோடத்திலிருந்து எடுக்கப்பட்டு உலகெங்கும் இலவசமாகக் கிடைக்கும் உயரத் தரவில் சில மீட்டர் பிழை இயல்பு. மலைநாட்டில் பொருட்படுத்த வேண்டாத அப்பிழை, இங்கே நீரோட்டத்தின் திசையையே மாற்றிக் காட்டிவிடும். எனவே வானூர்தியிலிருந்து லேசர் கதிரால் அளக்கும் நுண்தரவு தேவையாகிறது. எந்தத் தரவு எந்த வினாவுக்குப் போதும் என்று அறியாமல் வண்ணப் படங்களை மட்டும் உருவாக்குவது, முடிவெடுப்போரைத் தவறான வழியில் செலுத்தக்கூடும்.

2015ஆம் ஆண்டின் வெள்ளம்

2015 நவம்பரில் சென்னையில் 1,000 மில்லிமீட்டருக்கு மேல் மழை பெய்தது. ஏரிகள் அனைத்தும் நிரம்பியிருந்த நிலையில், டிசம்பர் முதல் நாள் பெருமழையில் தாம்பரத்தில் ஒரே நாளில் 49 சென்டிமீட்டர் பதிவாயிற்று. செம்பரம்பாக்கம் ஏரியிலிருந்து வினாடிக்கு 29,000 கன அடி வரை நீர் திறந்துவிடப்பட்டது. அதனோடு மேற்பகுதியிலுள்ள நூற்றுக்கணக்கான ஏரிகளின் மிகுநீரும் சேர்ந்து அடையாற்றில் பாய்ந்தது. அப்பருவத்தில் தமிழகத்தில் 400க்கும் மேற்பட்டோர் உயிரிழந்தனர். ஏரி மேலாண்மையில் நேர்ந்த தவறுகளை இந்தியத் தலைமைக் கணக்குத் தணிக்கையரின் அறிக்கை பின்னர்க் கடுமையாகச் சுட்டிக்காட்டியது. அவ்வறிக்கை 2018இல் சட்டமன்றத்தில் வைக்கப்பட்டது.

அந்நாள்களில் நிகழ்ந்த ஒன்று நம் கருத்துக்கு உரியது. எந்தத் தெருவில் நீர் புகுந்துள்ளது என்பதை மக்கள் அறிந்துகொள்ள உடனடியான வரைபடம் இல்லாதபோது, தன்னார்வலர்கள் ஓபன்ஸ்ட்ரீட்மேப் என்னும் பொதுவரைபடத்தின் மீது ஓர் ஏற்பாட்டை உருவாக்கினர். குடிமக்கள் தத்தம் தெருவைத் தாமே குறித்தனர். சில நாள்களில் ஈராயிரத்துக்கும் மேற்பட்ட தெருக்கள் அதில் இடம்பெற்றன. கடற்கரையையும் நாட்டு எல்லையையும் ஒட்டிய பகுதிகளின் விரிவான அரசு வரைபடங்கள் நெடுங்காலம் பொதுமக்களுக்குக் கிடைக்காமல் கட்டுப்படுத்தப்பட்டிருந்ததை இங்கு நினைத்துப் பார்க்க வேண்டும். 2021ஆம் ஆண்டில்தான் வரைபடத் தரவுகள் மீதான கட்டுப்பாடுகளை இந்திய அரசு பெரிதும் தளர்த்தியது.

வெள்ளத்திற்குப் பின் நல்ல முயற்சிகள் பல தொடங்கின. ஆராய்ச்சி நிறுவனங்கள் இணைந்து உருவாக்கிய சென்னை வெள்ள எச்சரிக்கை அமைப்பு, மழை முன்கணிப்பு, ஆற்றுநீரோட்டம், கடலேற்றம், நில உயரம் ஆகியவற்றை ஒருங்கிணைத்து, எந்த வட்டாரத்தில் எவ்வளவு நீர் நிற்கும் என்று முன்கூட்டிக் கணிக்க முற்படுகிறது. நில ஆவணங்களும் கணினிமயமாகி, புலப்படத்தையும் பதிவேட்டையும் எவரும் இணையத்தில் பார்க்கும் நிலை வந்துள்ளது. முடிவெடுப்பவருக்கு மட்டுமன்றி, அம்முடிவுக்கு உட்படுபவருக்கும் வரைபடம் எட்டும்படி ஆனது பெரியதொரு மாற்றமாகும்.

பெரும்பாக்கத்தில் இரண்டு கோடுகள்

இருப்பினும் வரைபடத்துக்கும் முடிவுக்கும் இடையேயுள்ள இடைவெளி நீங்கிவிடவில்லை. வெள்ளத்திற்குப் பின், ஆற்றங்கரைகளை ஆக்கிரமித்தவர்கள் என்று வகைப்படுத்தப்பட்ட ஏழைக் குடும்பங்கள் பல்லாயிரம் நகரின் நடுவிலிருந்து அகற்றப்பட்டன. அடையாறு, கூவம் ஆகிய ஆறுகளின் கரைகளில் வாழ்ந்த அவர்களில் கணிசமானோர் பெரும்பாக்கத்தில் கட்டப்பட்ட அடுக்குமாடிக் குடியிருப்புகளில் குடியமர்த்தப்பட்டனர். ஆற்றங்கரை ஆபத்தானது என்று வரைபடம் காட்டியது உண்மையே. பெரும்பாக்கம் பள்ளிக்கரணைச் சதுப்பை ஒட்டிய தாழ்நிலம் என்பதையும் அதே வகை வரைபடம் காட்டியது. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போது அப்பகுதியில் வெள்ளம் சூழ்ந்தது.

ஆற்றங்கரையில் குடிசை கட்டியவரும், ஏரித்தரையில் அனுமதி பெற்று மாடி எழுப்பியவரும் நீரின் பாதையில்தான் நிற்கின்றனர். உயரத் தரவில் இருவருக்கும் வேறுபாடு இல்லை. பதிவேட்டில் மட்டும் ஒருவர் ஆக்கிரமிப்பாளர், மற்றவர் பட்டாதாரர். யாரை அகற்றுவது என்னும் முடிவு உயரத் தரவின் அடிப்படையில் எடுக்கப்பட்டதா, பதிவேட்டின் அடிப்படையில் எடுக்கப்பட்டதா என்பதைக் கேட்காமல், அறிவியல் முறையில் எடுக்கப்பட்ட முடிவு என்று அதனை ஏற்றுக்கொள்ள முடியாது. 1802இல் இந்தியாவின் துல்லிய அளவைக்கு அடிக்கோடு சென்று முடிந்த இடமும் பெரும்பாக்கமே என்பதை இங்கு மீண்டும் நினைவுகூர்கிறோம். நிலத்தின் அமைவு இருநூறு ஆண்டுகளுக்கு மேலாக அறியப்பட்ட ஓர் இடத்தில், நிலத்தின் இயல்பு முடிவெடுப்போரின் கணக்கில் உரிய இடம் பெறவில்லை.

முடிவுரை

மேற்கூறியவற்றிலிருந்து மூன்று கருத்துகளைத் தொகுத்துரைக்கலாம். முதலாவது, ஒவ்வோர் அளவையும் ஒரு வினாவிலிருந்து பிறக்கிறது. அவ்வினாவுக்கு அப்பாற்பட்டதை அதனிடம் எதிர்பார்க்க இயலாது. வரிக்கான வரைபடம் வெள்ளத்தைப் பற்றிப் பேசாததில் வியப்பில்லை. அதனையே வெள்ளத்துக்கும் போதுமானதாகக் கொண்டதுதான் பிழை. இரண்டாவது, பழைய பதிவேட்டின் வகைப்பாடுகள் புதிய கணினி அமைப்புக்குள் அப்படியே நுழைந்துவிடுகின்றன. புறம்போக்கு என்னும் பழைய வகை, வண்ணம் தீட்டிய ஓர் அடுக்காக மாறினாலும் தன் பொருளை இழப்பதில்லை. மூன்றாவது, நீரைப் பற்றிய அறிவும் முடிவெடுக்கும் பொறுப்பும் பிரிந்து நிற்கும் வரையில், கருவியின் துல்லியம் மட்டும் பயன் தராது. உத்தரமேரூர் ஏரி வாரியத்தை இன்று அப்படியே மீட்டெடுக்க முடியாது; அன்றைய சபையில் எல்லாருக்கும் இடமும் இருக்கவில்லை. ஆயினும் வரைபடத்தின் கீழ்ப்பகுதியில் வாழ்பவர் அதனைப் படிக்கவும் திருத்தவும் உரிமை பெற வேண்டும் என்னும் கருத்து, இக்காலக் கருவிகளால் முன்னெப்போதையும் விட எளிதில் நிறைவேறக்கூடியது.

இதில் நம்மைப் போன்ற துறையினருக்கும் ஒரு பங்கு உண்டு. அண்மையில் நம் மாணவர்களிடம் சென்னையின் பழைய வரைபடத்தையும் புதிய படிமத்தையும் அருகருகே வைத்துக் காட்டியபோது, அவர்கள் முதலில் கண்டுபிடித்தவை ஊர்ப்பெயர்களே. பழவந்தாங்கல், ஐயப்பன்தாங்கல் ஆகிய பெயர்களிலுள்ள 'தாங்கல்' சிறிய ஏரியைக் குறிக்கும் சொல் என்று அறிந்ததும், அப்பெயர் தாங்கிய இடங்களில் நீர் எங்கே இருந்தது என்று அவர்கள் தேடத் தொடங்கினர். செயற்கைக்கோளால் காண இயலாத தகவல் அச்சொல்லில் உள்ளது. கல்வெட்டுகளிலும் ஓலைக் கணக்குகளிலும் ஊர்ப்பெயர்களிலும் புதைந்துள்ள நீரியல் செய்திகளைத் தொகுத்து, இடங்குறித்து, புவித் தகவல் அமைப்பின் ஓர் அடுக்காக அளிப்பது தமிழறிந்தோரால் மட்டுமே இயலும் பணியாகும்.

2021 டிசம்பரில் கிள்ளான் பள்ளத்தாக்கில், குறிப்பாக ஷா ஆலாமின் தாமான் ஸ்ரீ மூடாவில், கூரையளவு நீர் உயர்ந்ததை நாம் மறக்கவில்லை. இங்கும் தாழ்நிலங்களின் மீதும் பழைய ஈயக்குட்டைகளின் மீதும் நகரங்கள் எழுந்துள்ளன. சென்னையின் வரலாறு நமக்கு அயலார் கதையன்று. நாம் வாழும் தெருவுக்கு அடியில் முன்னர் என்ன இருந்தது, அது எந்தப் பதிவேட்டில் எவ்வாறு எழுதப்பட்டுள்ளது என்று கேட்பதிலிருந்தே நம்முடைய திட்டமிடலும் தொடங்க வேண்டும்.